பேராக் போரும் கடனடிமைகளும்

சிலிம் ரிவர் என்றவுடன் போர் வரலாறு அறிந்தோர் நினைவில் எழுவது 1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள். அன்று விடியுமுன் சப்பானியரின் டாங்கிகள் சாலை வழியே புகுந்து பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சிதறடித்தன. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. அந்தப் போரைப் பற்றி நம் ஊரில் முதியோர் சொல்லக் கேட்டோர் பலர். ஆனால் அதற்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே பேராக் மாநிலத்தில் வேறொரு போர் நடந்தது. அது சிறிய போர். சில மாதங்களில் முடிந்துவிட்டது. எனினும் இந்நாட்டின் அரசியல் போக்கை அது திருப்பிவிட்டது. தொடக்கப்பள்ளியில் வரலாறு தனிப்பாடமாக அமைந்த 2014ஆம் ஆண்டு முதல் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அப்போரின் தலைவர் பெயரை வகுப்பில் சொல்ல வேண்டியவர்களாக உள்ளனர். அப்போர் ஏன் மூண்டது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1874 சனவரி 20இல் பாங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆளுநர் சர் ஆண்ட்ரு கிளார்க், இஸ்மாயிலை விலக்கி ராஜா அப்துல்லாவைப் பேராக்கின் சுல்தானாக ஏற்றார். அதற்கு ஈடாக ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை அப்துல்லா ஏற்க வேண்டியதாயிற்று. சமயமும் வழக்கமும் நீங்கலாக ஏனைய அனைத்திலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். வரி வசூலும் அவர் ஆலோசனைப்படியே நடைபெற வேண்டும். அவ்வாறு வந்தவர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பெர்ச். இலங்கையில் பல்லாண்டு அரசுப் பணியாற்றிய பின் நீரிணைக் குடியேற்றங்களின் செயலாளராக இருந்தவர். 1874 நவம்பரில் பொறுப்பேற்றார். ஓராண்டு நிறைவதற்குள், 1875 நவம்பர் 2இல், பேராக் ஆற்றங்கரையிலுள்ள பாசிர் சாலாக்கில், படகுத்துறைக் குளிப்பறையில் இருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். ஆங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படைகள் வந்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே பெரும் எதிர்ப்பு அடங்கிற்று. டத்தோ மகாராஜா லேலா, டத்தோ சாகோர், பாண்டாக் இந்துட் ஆகியோர் 1877 சனவரி 20இல் தூக்கிலிடப்பட்டனர். பாங்கோரில் கையெழுத்திட்டு மூன்றாண்டுகள் சரியாக நிறைந்த அதே நாள்! அப்துல்லாவும் வேறு சில தலைவர்களும் செய்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இப்போருக்குக் காரணம் யாது? இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஆங்கிலேயர் எழுதிய பழைய நூல்களைப் புரட்டினால், அடிமைகளுக்கு இரங்கிய ஒரு நேர்மையாளர், அடிமைகளை இழக்க மனமில்லாத தலைவர்களால் மாண்டார் என்பது போன்ற சித்திரம் தோன்றும். ஈப்போவில் 1909இல் எழுப்பப்பட்ட பெர்ச் நினைவு மணிக்கூண்டு அந்த எண்ணத்தின் கல்வடிவம். விடுதலைக்குப் பின் எழுந்த நூல்களிலோ, சமயத்தையும் வழக்கத்தையும் மண்ணின் உரிமையையும் காக்க எழுந்த வீரராக மகாராஜா லேலா விளங்குகிறார். கோலாலம்பூரில் பெர்ச் சாலை, மகாராஜாலேலா சாலையாக மாறியது அந்த எண்ணத்தின் அடையாளம். வகுப்பில் கூர்மையான மாணவர் ஒருவர் இருந்தால், “அடிமைகளை விடுவித்தவர் எப்படித் தீயவர் ஆவார், ஐயா?” என்று கேட்டுவிடுவார். அவ்வினாவை ‘தேர்வுக்கு வராது’ என்று தட்டிக்கழிப்பது எளிது. ஆயின் வினா நியாயமானது. அதற்கு விடை கூற வேண்டுமானால், இரு தரப்பு நூல்களிலும் ஓரத்தில் நிற்கும் ஒரு கூட்டத்தாரை நடுவே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவர்கள் ஓடிவந்த கடனடிமைகள்.

அக்காலப் பேராக்கில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, மனிதருக்கே பஞ்சம். ஆற்றங்கரைகளில் சிதறிய கம்பங்கள், அவற்றுக்கு அப்பால் முடிவில்லாத காடு. இத்தகைய நாட்டில் ஒரு தலைவனின் வலிமை அவன் ஆளும் ஏக்கர்களால் அளக்கப்படுவதில்லை. அவன் பின்னே எத்தனை பேர் நிற்கின்றனர், எத்தனை படகுகளுக்குத் துடுப்பு வலிக்க ஆள் உண்டு, எத்தனை வயல்களில் அவனுக்காகக் கதிர் அறுக்கப்படுகிறது என்பனவற்றால் அளக்கப்படும். தலைவர்களின் வருவாய் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, ஆற்றில் செல்லும் ஈயத்துக்கும் பிற சரக்குகளுக்கும் விதித்த சுங்கம். மற்றொன்று, கூலியின்றிக் கிடைத்த உழைப்பு. அந்த உழைப்பின் ஊற்று அடிமைகள்.

அடிமைகள் இரு வகையினர். போரிலோ வேட்டையிலோ பிடிபட்டவர், விலைக்கு வாங்கப்பட்டவர் ஆகியோர் முதல் வகை. இவர்களுள் மலைவாழ் பூர்வகுடிகளும் சுமத்திராவின் பாத்தாக் மக்களும் இருந்தனர். இரண்டாம் வகையினரே கடனடிமைகள். மலாய்மொழியில் ‘ஓராங் பெர்ஹுத்தாங்’ எனப்பட்டனர். முசுலிம் ஒருவரை மற்றொரு முசுலிம் அடிமையாக்குவதை இசுலாமியச் சட்டம் ஒப்பாது. ஆனால் கடன் பட்டவன் தன்னைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்புவித்துக்கொள்வதை வழக்கம் ஒப்பியது. சட்டம் அடைத்த வாயிலுக்குப் பக்கத்தில் வழக்கம் ஒரு புழைக்கடை வாயிலைத் திறந்து வைத்திருந்தது எனலாம்.

அந்தக் கடனின் தன்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடனாளி எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவ்வுழைப்பு கடனில் ஒரு காசையும் கழிக்காது. உழைப்பு என்பது கடன் நிலுவையில் இருப்பதற்கான கைம்மாறு மட்டுமே. முதல் அப்படியே நிற்கும். அவன் மணந்த மனைவிக்கும், பெற்ற பிள்ளைகளுக்கும் அக்கட்டு தொடரும். எவ்வாறேனும் பணம் திரட்டி வந்தாலும், தலைவன் அதை வாங்க மறுத்துக் காலத்தை நீட்டுவதுண்டு. கடன் உண்மையாகவே பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தண்டம் விதித்து, அதைச் செலுத்த இயலாதவனைக் கடனாளியாக்குவது தலைவனின் கைக்குள் இருந்த செயல். பெண்களின் நிலை இன்னும் கொடிது. தலைவனின் மனையில் அடிமைப் பெண்கள் மிகுந்திருந்தால், அவர்களை நாடி இளைஞர் வந்து அவனுடைய ஏவலராகச் சேர்வர் என்பது அக்காலத்தார் வெளிப்படையாகப் பேசிய கணக்கு.

நம் தமிழாசிரியர்களுக்கு இச்செய்தி முற்றிலும் புதியதன்று. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய அந்தணராய் வந்த இறைவன் ஆளோலை காட்டி, ‘உன் பாட்டன் எனக்கு அடிமை, ஆகவே நீயும் எனக்கு அடிமை’ என்று வழக்காடுவதை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்குகிறோம். அங்கே பொருள் பக்தி. ஆனால் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டும் என்பதை அந்த அவையினர் வியப்பின்றி ஏற்றுக்கொண்டனரே, அதுதான் வரலாற்றுச் சான்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், பஞ்சம் தாளாத வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு கூறுகிறது. அவ்வளவு பின்னோக்கிப் போவானேன்? 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் கும்பினி ஆட்சிப் பகுதிகளில் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது. எனினும் தஞ்சை வயல்களில் பண்ணையாள் முறை பின்னும் நீடித்தது. அவரைக் கட்டி வைத்த கயிறு அப்போது கடன் என்னும் பெயர் பூண்டது. ஆகவே கடனடிமை என்பது மலாய் மக்களுக்கு மட்டும் உரிய குறையென நாம் சுட்டுவிரல் நீட்ட இயலாது.

இனி, பெர்ச்சிடம் திரும்புவோம். அவர் பண்டார் பாருவில் தம் இருப்பிடத்தை அமைத்தார். ஆற்றில் வந்து சேர்ந்த புதிய அதிகாரியிடம் முதலில் நம்பிக்கை வைத்தவர்கள் தலைவர்கள் அல்லர். அவர்களுடைய வீடுகளிலிருந்து ஓடிவந்த கடனடிமைகள், அவர்களுள்ளும் சிறப்பாகப் பெண்கள். பெர்ச் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார், அடைக்கலம் தந்தார், பேராக்கை விட்டே தப்பிச் செல்லவும் சிலருக்கு உதவினார். ஓர் ஆணைப்பத்திரம் செய்ய இயலாததை இந்த ஓட்டம் செய்தது. வரி பற்றிய தகராறுகள் ஏட்டில் கிடந்தன. இதுவோ ஒவ்வொரு தலைவனின் அடுக்களைவரை எட்டியது. இன்று ஒருத்தி ஓடினாள் என்றால் நாளை எத்தனை பேர் ஓடுவர்?

1875இல் சுல்தான் அப்துல்லா புதிய ஆளுநர் ஜெர்வாயிசுக்குத் தூது அனுப்பினார். தூதர் கொண்டுசென்ற வேண்டுகோள்களை நோக்கினால் தலைவர்களின் மனக்குறைகள் அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ரெசிடெண்ட் சமயத்திலும் வழக்கத்திலும் தலையிடலாகாது; சுல்தானையும் தலைவர்களையும் கலவாமல் எதுவும் செய்யலாகாது; ஓடிப்போன அடிமைகளையும் பழைய வரியுரிமைகளையும் தங்களிடமிருந்து பறிக்கலாகாது. இவை தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. வழக்கம், அதாவது மலாயில் ‘அடாட்’, ரெசிடெண்டின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று பாங்கோர் உடன்படிக்கையே கூறியிருந்தது. கடனடிமை முறை வழக்கந்தானே? அவ்வாறாயின் அதில் கைவைப்பது உடன்படிக்கையை மீறுவதாகும். தலைவர்களின் வாதம் சட்ட நோக்கில் வலுவற்றதன்று. பெர்ச்சோ, மனிதரைக் கட்டி வைப்பது வழக்கம் என்னும் சொல்லுக்குள் அடங்காது என்று கருதினார். உடன்படிக்கையை எழுதியவர்கள் அச்சொல்லுக்கு எல்லை வகுக்கவில்லை. அந்த வகுக்கப்படாத எல்லையில்தான் குருதி சிந்தியது.

உரிமை என்னும் பெரிய சொல்லுக்குள் அடிமை புகுந்துகொள்வதை உலக வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அமெரிக்க உள்நாட்டுப் போர். பேராக் போருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்தான் அது முடிந்திருந்தது. 1860 திசம்பர் 20இல் தென் கரோலினா ஐக்கிய நாட்டிலிருந்து பிரிந்தது. மேலும் பத்து மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அந்நாட்டில் அப்போது அடிமைகள் ஏறக்குறைய 40 இலட்சம் பேர். நான்காண்டுப் போரில் மாண்டோர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தோற்ற பின்னர், பிரிந்தவர்களின் குடியரசுத் தலைவராயிருந்த ஜெபர்சன் டேவிசு 1881இல் வெளியிட்ட நூலில், அடிமைமுறை போருக்குக் காரணமன்று, மாநில உரிமையே காரணம் என்று வாதிட்டார். அவ்வாதத்தை இன்றும் கூறுவோர் உளர்.

அவ்வாதத்தை மறுக்க எதிரிகளின் சான்று வேண்டுவதில்லை. பிரிந்தவர்கள் பிரியும்போதே எழுதிய அறிக்கைகள் போதும். மிசிசிப்பி மாநிலத்தின் அறிக்கை தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு ஒன்றியது என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. அவர்களுடைய புதிய அரசமைப்புச் சட்டம், அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் இயற்றலாகாது என்று விதித்தது. தென் கரோலினாவின் அறிக்கை இன்னும் வியப்புக்குரியது. அதன் முதன்மையான முறையீடு யாதெனில், ஓடிவந்த அடிமைகளை வடமாநிலங்கள் திருப்பி அனுப்பவில்லை என்பது. வடமாநிலங்கள் தத்தம் சட்டங்களால் அவர்களுக்குக் காப்பளித்தன. அது மாநில உரிமை இல்லையா? அங்கே மட்டும் நடுவண் அரசு வடமாநிலங்களை அடக்க வேண்டும் என்று தென்மாநிலத்தார் விரும்பினர். ஆக, அவர்கள் காத்தது மாநில உரிமையை அன்று, ஒருவகைச் சொத்தை. அதை வெளிப்படுத்தியவர்கள் வடக்கு நோக்கி இரவில் நடந்த அடிமைகளே. பேராக் ஆற்றில் படகேறி வந்த பெண்களும் அதையே செய்தனர்.

ஆனால் ஒப்புமையை இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் பேராக் தலைவர்களுக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். தென்மாநிலங்களை எவரும் கடல் கடந்து வந்து கைப்பற்றவில்லை. தேர்தலில் தோற்றதால் பிரிந்தன. பேராக்கிலோ அந்நியர் வந்தே இருந்தனர். 1875 அக்டோபரில் அப்துல்லாவிடம் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுக்கும் அறிவிப்பில் கையெழுத்து வாங்கியபோது, ஆலோசனை என்னும் போர்வையும் விலகிவிட்டது. அந்த அறிவிப்பைப் பாசிர் சாலாக்கில் ஒட்டச் சென்றபோதுதான் பெர்ச் கொல்லப்பட்டார். மண் பறிபோகிறது என்று மகாராஜா லேலா கருதியது பொய்யச்சமன்று, அது உண்மை. தம் நாட்டுக்காகப் போராடுதலும் தம் அடிமைகளுக்காகப் போராடுதலும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் கூடியிருக்கலாம். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

பெர்ச்சின் பக்கத்தையும் பளிங்கில் வடிக்க வேண்டியதில்லை. அவருக்கு மலாய்மொழி தெரியாது, பொறுமையும் குறைவு. கேளாத தலைவர்களை மிரட்டினார். ஆங்கிலேயர் பேராக்குக்கு வந்தது அடிமைகளை விடுவிக்கவும் அன்று. லாருட்டில் ஈயம் இருந்தது. சீனச் சங்கங்களின் சண்டையால் அதன் வாணிகம் தடைப்பட்டது. பினாங்கு வணிகர் கூக்குரலிட்டனர். அதே ஆண்டுகளில், ஆங்கிலக் கொடியின் கீழ் இருந்த புரோவின்ஸ் வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். கப்பற்கூலியும் முன்பணமும் அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டிருந்தன. ஒப்பந்தம் முறித்து ஓடினால் சிறை. ஒப்பந்தக் கூலிக்குக் காலவரையறை உண்டு, பிள்ளைகளுக்குக் கடன் இறங்காது என்னும் வேறுபாடு பெரிது; அதை மறைக்கலாகாது. எனினும் பண்டார் பாருவில் ஓடிவந்தவருக்கு அடைக்கலம் தந்த அரசு, கடலோரத் தோட்டத்தில் ஓடிப்போனவரைப் பிடித்துத் தந்தது என்பதையும் நம் மாணவர் அறிதல் வேண்டும். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல்தான் ஒழிந்தது.

போருக்குப் பின் நடந்தவை காரணத்தைப் பற்றிய நம் ஆய்வுக்கு மேலும் ஒளி தருகின்றன. 1877இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, மலாய்மொழி வல்லவர்; பொறுமைசாலி. அவர் அடிமைகளை உடனே விடுவிக்கவில்லை. முதலில் தலைவர்களின் வருவாய்க்கு வழி செய்தார்: படிகள், பதவிகள், வரியில் ஒரு பங்கு. அவ்வாண்டிலேயே மாநில மன்றம் அமைத்து அவர்களை அதில் அமர்த்தினார். பின்னர் அடிமைகளைக் கணக்கெடுத்தார். இரு வகையினரும் சேர்ந்து மூவாயிரம் பேர் அளவில் இருந்தனர். 1882இல் மாநில மன்றம் விவாதித்து முடிவு செய்ய, 1883ஆம் ஆண்டின் இறுதியோடு பேராக்கில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. எந்தத் தலைவரும் வாளேந்தவில்லை. எட்டாண்டுகளுக்கு முன் உயிரினும் பெரிதாகத் தோன்றிய வழக்கம், வருவாய்க்கு மாற்று வழி கிடைத்ததும் ஒரு தீர்மானத்தில் முடிந்துபோயிற்று. பிரிட்டனும் தன் அடிமைகளை விடுவித்தபோது 2 கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது, உடையவர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்சும் இல்லை. வழக்கமும் மானமும் பேசப்பட்ட இடங்களில் எல்லாம் கணக்கேடும் உடன் இருந்தது.

கோலகங்சாரில் அதே ஹியூ லோவின் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் ரப்பர் கன்றுகளுள் சில வேரூன்றின. பின்னாளில் அம்மரத்துக்குப் பால்வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் பள்ளிகளில் பயில்கின்றனர். கங்காணி கொடுத்த முன்பணத்தில் தொடங்கிய அவர்களின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

கடனடிமைகளின் நிலை 1884இல் மாறியது. மலைவாழ் மக்களின் நிலை அவ்வளவு எளிதில் மாறிவிடவில்லை. சிலிம், தாப்பா மலைச்சாரல்களில் வாழும் செமாய் மக்களை, ஏவலாள் என்னும் பொருள் தோன்ற ‘சாக்காய்’ என்று அழைத்த காலம் அது. வேட்டையாடுவோர் விடியலில் குடியிருப்புகளைச் சூழ்ந்து, வளர்ந்த ஆடவரைக் கொன்று, பெண்களையும் சிறுவரையும் பிடித்துச் செல்வர். சிறுவரே விலை போயினர். காட்டுக்குத் திரும்பும் வழி அவர்களுக்குத் தெரியாது. இம்மக்களுக்காக எந்தத் தலைவரும் போரிடவில்லை, எந்த ரெசிடெண்டும் உயிர்விடவில்லை. அவர்கள் போரிடாமல் காட்டுக்குள் இன்னும் ஆழமாக விலகிச் சென்றனர். அயலார் வருகிறார் என்றால் அஞ்சி ஒதுங்குமாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பழக்கம் செமாய் மக்களிடையே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் இருந்ததை மானிடவியலார் எழுதியுள்ளனர். அந்த அச்சத்துக்கு அவர்கள் காட்டும் காரணம், அடிமை வேட்டைக்காரர் மலையேறி வந்த பழைய விடியல்கள்.